கீழ்ப்பாதி காலி

மார்ச் 4, செவ்வாய்
கல்யாணத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் வாங்கிய பழைய திருமண உரிமங்களை எல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தேடும் விதத்தை மகள் சொல்லிக்கொடுத்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவளுக்கு ஓய்வில் வேறென்ன வேலை? இன்று அப்பாவின் அப்பா கிடைத்தார். தொழில்: தச்சர். பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறார்கள். திருத்தக் கை பரபரத்தது.

மார்ச் 6
அம்மாவுடையதும் கிடைத்தது. வயது பதினெட்டாம். பொய்! பதினாறுதான்.

மார்ச் 9, ஞாயிறு
விளையாட்டாக எங்கள் பெயர்களைத் தட்டினேன். வந்தது. நாற்பத்தோரு வருடத்துக்கு முந்தைய உரிமம். மேல்பாதியில் எல்லாம் சரி. இவர் பெயர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்ற தொழில், என் பெயர். கல்யாணம் நடந்தது என்று பதிய வேண்டிய கீழ்ப்பாதி காலி. தேதி இல்லை, சாட்சி இல்லை. படம் சரியாக ஏறவில்லையோ? மூன்று தடவை திறந்து பார்த்தேன். காலிதான்.

மார்ச் 10
பதிவு அலுவலகத்துக்கே போனேன். ஆவணப் பிரிவுப் பெண் பழைய பதிவேட்டைப் புரட்டினாள்.

"கல்யாணம் முடிஞ்சதும், கையெழுத்தான தாளை மாப்பிள்ளை இங்க கொண்டுவந்து கொடுக்கணும்மா. அதைப் பாத்துத்தான் கீழ நிரப்புவோம். உங்களோடது வரவே இல்ல."

"அப்படின்னா?"

"உரிமம் வாங்கியிருக்கீங்க. கல்யாணம் பதிவாகல."

"மக இருக்காளே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இருக்கட்டும்மா. மறுபடி பண்ணிக்கலாம்."

மறுபடியா? பேருந்து ஜன்னலில் என் முகமே தெரிந்தது. யார் இவள்? மனைவியா, கன்னிப்பெண்ணா? இந்த முழங்கால் வலியோடு கன்னிப்பெண்! சிரிப்பு வந்தது.

மார்ச் 11
இவரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன, முகத்துல பருக்கை ஒட்டியிருக்கா?" என்றார்.

மார்ச் 13
மகளிடம் போனில் சொன்னேன். "அப்போ இத்தனை வருஷமா நீ அப்பாகூட சும்மாதான் இருந்திருக்கியாம்மா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மாப்பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். வேண்டுமென்றே கொடுக்கவில்லையோ? என்னைப் பிடிக்காமலா? பிடிக்காதவர் எதற்கு இத்தனை வருடம் — ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 15
படத்தை இவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "தெரியும்," என்றார்.

தெரியுமாம்!

"அந்தத் தாளை சட்டைப் பையிலதான் வச்சிருந்தேன். சட்டை துவைக்கப் போயிடுச்சு. தாள் கூழாயிடுச்சு."

"யாரு துவைச்சது?"

கண்ணாடியைத் துடைத்தார்.

"யாருங்க?"

"நீதான். வந்த மூணாம் நாள்."

இப்போது நான் கோபப்பட வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"மொதல்ல உங்கப்பாவுக்குப் பயந்தேன். அப்புறம் உனக்கு. பதிவே ஆகலன்னு தெரிஞ்சா போயிடுவியோன்னு."

"நான் எங்க போகப் போறேன்?"

"ஒரு தடவை பெட்டி அடுக்கி கட்டிலுக்கடியில வச்சிருந்தியே."

வைத்திருந்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாள் கழித்து நானே பிரித்துவிட்டேன். இவர் பார்த்தார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 16
தெரிந்திருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 20
காலையில் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "மறுபடி பண்ணிக்கலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வீம்பா? பாவம், கடிகாரக் கடையைக்கூடத் திறக்கப் போகவில்லை மனிதர்.

ஏப்ரல் 2
பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகம். மகளும் எதிர்வீட்டுத் தையல்காரரும் சாட்சி. அலுவலர் என்னைப் பார்த்து, "உங்க விருப்பத்தோடதானேம்மா?" என்று கேட்டார். போன தடவை இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பதில் சொல்ல நான் அவசரப்படவில்லை. பக்கத்தில் இவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கொஞ்சம் வியர்க்கட்டும் என்று விட்டேன். பிறகு, "ஆமாங்க," என்றேன்.