பத்து நிமிடம் முந்திய அலுவலகம்

பெப்ரவரி 3, செவ்வாய்
ஏழு கணினிகளும் இன்றும் அடம்பிடித்தன. பாஸ்வேர்ட் சரி, வயர் சரி, ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கின்றன. ஆளுக்கொரு பாஸ்வேர்ட், எந்தக் கணினியிலும் அது வேலை செய்ய வேண்டும். தனஞ்சயன் சேர் என்னை வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான். மாத முடிவுக்குள் ஓடாவிட்டால் என்னை நிரந்தரமாக்க மாட்டார், கொள்ளுப்பிட்டியில் இருந்து ஒரு கொம்பனியைக் கூப்பிடுவாராம். எங்கள் வீட்டில் உழைக்கிறது நான் மட்டும். மதியப் பார்சலைத் திறக்கவே இல்லை.

பெப்ரவரி 5, வியாழன்
நேற்று விடுமுறை. அம்மா கதைத்தது எதுவும் காதில் விழவில்லை.

இன்று ஒவ்வொரு கணினியிலும் பின்னணியில் ஓடும் எல்லாச் சேவைகளையும் பார்த்தேன். முகவரி வாங்கும் சேவை, பெயர் தேடும் சேவை, நேரம் சரிபார்க்கும் சேவை - எல்லாம் ஓடுது. பிறகு என்ன கோதாரி?

ஜீவராணி அக்கா பிளேன்டீ கொண்டுவந்தார். ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்ப்பவர். மகனைக் கிருலப்பனையில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வருகிறார். வரவுக்கு விரல் வைக்கும் மெஷின் இன்றைக்கும் பிந்தியதாகப் பதிந்துவிட்டதாம். இன்னொரு தரம் பிந்தினால் வேலையில்லை என்று சேர் சொல்லிவிட்டார். “பஸ்ஸ விட்டு எறங்கும்போது நேரம் இருந்துச்சு, புளோறன்ஸ்” என்று என்னிடம் சொன்னார். நான் சரியாகக் கேட்கவில்லை. என் தலையிடி எனக்கு.

பெப்ரவரி 6, வெள்ளி
சேர் தன் அறையில் பூட்டி வைத்திருக்கும் சர்வரை இன்றுதான் பார்க்க விட்டார். எல்லார் பாஸ்வேர்டையும் சரிபார்ப்பது அதுதான். திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன். பிறகு என் ஃபோனைப் பார்த்தேன். சர்வர் பத்து நிமிடம் முந்தி ஓடுது.

அதன் நேரச் சேவையை யாரோ நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். நேரம் இவ்வளவு வித்தியாசப்பட்டால் சர்வர் எந்தக் கணினியையும் நம்பாது, கதவைச் சாத்திவிடும். யாரோ என்ன யாரோ, சேர்தான். கேட்டால் சிரிக்கிறார். அவர் வீட்டு மணிக்கூடுகளும் பத்து நிமிடம் கூடத்தானாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பூசைக்குப் பிந்தக்கூடாதென்று அம்மா கூட்டி வைத்திருக்கிறார். ஆனால் அம்மா அதைப் பார்த்து யாரையும் வேலையால் நிற்பாட்டவில்லையே! விரல் மெஷின் நேரம் எடுப்பது இந்தச் சர்வரிலிருந்துதான்.

திருத்தட்டுமா என்று கேட்டேன்.

“அதில கை வையாதேயும். மற்றக் கொம்பியூட்டர்களைப் பத்து நிமிஷம் கூட்டிவிடும், எல்லாம் சரிவரும்.”

அப்படிச் செய்தால் எல்லாம் சரிவரும்தான்.

பெப்ரவரி 7, சனி
கூட்டிவிட்டால் நான் நிரந்தரம். அக்கா ஒருநாளும் பிந்தி வரேல்லையே, மாதாவே. இது எனக்கும் சேருக்கும் மட்டும் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

பெப்ரவரி 8, ஞாயிறு
பூசையில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்
சேர் அறையைத் திறந்துவிட்டு வங்கிக்குப் போனார். நான் சர்வரின் நேரச் சேவையை இயக்கினேன். மணி பத்து நிமிடம் பின்னால் போனது. ஏழு கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

சேர் திரும்பி வந்து, கெட்டிக்காரி என்றார். சொன்னபடி கணினிகளைத்தான் கூட்டினேன் என்று நினைத்திருப்பார்.

பெப்ரவரி 10, செவ்வாய்
எல்லாரும் எப்படி நேரத்துக்கு வந்தார்கள் என்று சேர் காலையிலேயே கேட்டார். குரலில் சந்தோஷம் இல்லை. நான்தான் மாற்றினேன் என்றேன். பழையபடி வைக்கச் சொன்னார்.

“ஏலாது சேர். ஜீவராணி அக்கா பிந்தேல்ல. உங்கட மணிதான் முந்தினது.”

“என்ர ஒபிஸில என்ர நேரம்தான் நேரம்.”

இந்த வேலை வேண்டாமென்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வரை பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கு.

பெப்ரவரி 20, வெள்ளி
ஜீவராணி அக்கா கோல் எடுத்தார். மணியைப் பழையபடி வைக்கவென்று கொள்ளுப்பிட்டிக் கொம்பனி வந்ததாம். சேர் அவர்களிடமும் பத்து நிமிடம் கூட்டச் சொல்ல, சர்வர் மட்டும் முந்தினால் ஒன்றும் ஓடாது, எல்லாவற்றையும் பொய் நேரத்தில் வைக்க மாட்டோம் என்றார்களாம். டை கட்டியவர்கள் சொன்னதும் தலையாட்டினாராம். தன் பழைய பிந்தல்களை அழிக்கச் சொல்லி அக்கா கேட்டதற்கு, அது முடிந்த கதை என்றாராம் சேர். அக்காவின் வேலை மட்டும் தப்பியிருக்கிறது.

“எனக்கு வேல தங்கிருச்சு, ஒனக்குப் போயிருச்சே” என்று அழுதார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஃபோனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.