மாப்புக் கேட்டுப் போகிறவன்

ஜூலை 6, 2025 – ஞாயிறு

றிபாஸ் மறுபடியும் மாப்புக் கேட்கத் தொடங்கிவிட்டான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "ஏதும் பிழை செய்திருந்தா மாப்புத் தந்து பொருந்திக்கங்க" என்று கேட்பார்கள். திரும்பி வராமலும் போகலாம் அல்லவா. என் தம்பி அதை ஆப்கானிஸ்தான் போவதற்குக் கேட்டான். பிறகு ஈராக், சிரியா, சோமாலியா. முதல்முறை கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அழுதார்கள். இப்போது பக்கத்து வீட்டுச் சபியா உம்மா மீன் அரிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "தந்தன் மகன், போய்ட்டு வா" என்கிறார்.

"இப்பிடி அடிக்கடி மாப்புக் கேக்கிறாய். பிழை செய்ய எப்படா நேரம் கிடைக்குது?" என்று கேட்டேன். சிரித்தான். இம்முறை யெமனாம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு உலகப்படம் படிப்பிக்கிறவள். கொழும்பைத் தாண்டியதில்லை. அவன் கட்டார் வேலையையும் விட்டுவிட்டு, போகாதே என்று உலகம் சொல்கிற நாடுகளாகத் தேடிப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறான். முப்பத்தைந்து வயது வரப்போகிறது. கலியாணப் பேச்சை எடுத்தால் வெளியே எழும்பிப் போய்விடுகிறான்.

ஜூலை 8 – செவ்வாய்

பொத்துவிலில் ஒரு ஜெர்மன்காரனைச் சந்தித்தானாம். அவன் இங்கே வர வெளிக்கிட்டபோது, அவனுடைய தாய் வேண்டாம் என்று அழுதாளாம். "நம்மட ஊரும் யாருக்கோ பயங்கரமான நாடுதான் ராத்தா" என்று ஏதோ பெரிய பகிடி போலச் சொன்னான்.

அந்தத் தாயை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 9 – புதன்

இன்று உம்மாவைக் கதிரையில் இருத்திக் கெமராவை நீட்டினான். "உம்மா, நீங்க எந்த நாட்டுக்குப் போக ஆசப்படுறீங்க?"

உம்மா யோசிக்கவே இல்லை. "மக்காவுக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "மறுகா சாகாமத்துக்கு."

றிபாஸ் கெமராவை இறக்கிவிட்டான்.

சாகாமம் வேறு நாடில்லை. இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். அந்தக் குளத்துக்குக் கீழேதான் வாப்பாவின் வயல் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலம், ஒரு காலை, தண்ணீர் பார்த்து வருகிறேன் என்று போனவர் வரவில்லை. அடக்க ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. எனக்கு ஆறு வயது. றிபாஸ் உம்மாவின் வயிற்றில். பாதை சரியாக இருக்கிறது, வரலாம் என்று சொல்லியனுப்பியவர் பக்கத்து வயல்காரர், ஆலையடிவேம்பு அழகரெத்தினம். பிறகு அவர் துக்கம் கேட்க வந்தபோது உம்மா கதவை அடைத்துவிட்டா. சண்டை முடிந்த பிறகும் வந்தார். அப்போதும் அடைத்தா.

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. இன்று உம்மா ஊரின் பெயரைச் சொன்னா.

"யெமன் போய் வந்து கூட்டிப் போறன் உம்மா" என்றான்.

ஜூலை 11 – வெள்ளி

சண்டை. ஜும்ஆ முடிந்து வந்து என்னிடம் மாப்புக் கேட்டான். தர மாட்டேன் என்றேன்.

"ஒரு ஆள இழந்த வீடு இது. உனக்கு ஆபத்து விளையாட்டா?"

"போனா கிறுகி வர ஏலும் ராத்தா. அதத்தான் நான் காட்டுறன்."

"ஆருக்குக் காட்டுறாய்?"

உம்மா இருந்த அறையைப் பார்த்தான். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது எழுதும்போது விளங்குகிறது. ஒவ்வொரு முறையும் அவன் வந்து வாசலில் பையை இறக்கும்போது உம்மா அவன் முகத்தைத் தடவிப் பார்ப்பா. அந்தத் தடவலுக்காகத்தான் போகிறானா? தெரிந்தும் என் மனம் இறங்கவில்லை. மாப்பு இல்லை என்றால் இல்லை.

ஜூலை 12 – சனி

போய்விட்டான். உம்மா அவன் கையைப் பிடித்து, "நீயும் எனக்கு மாப்புத் தா மகன்" என்றா. "நீங்க எங்க உம்மா போறீங்க?" என்று சிரித்தான். "நான் எங்க போற. ஊட்டுக்குள்ளதானே" என்று உம்மாவும் சிரித்தா.

ஜூலை 21 – திங்கள்

யெமனில் ஹழ்ரமௌத் என்கிற இடத்தில் இருந்து வீடியோ. மண்ணாலே கட்டிய ஏழெட்டு மாடி வீடுகள். உம்மா என் போனைத் தருகிறாவில்லை. "நம்மட நெல்லுக் கொட்டுற களஞ்சியம் மாதிரி இரிக்கி" என்றா. யாரோ ஒரு கிழவன் அவனுக்குத் தேன் கொடுக்கிறான். தோளில் துவக்குடன் நிற்கிற ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

உம்மா படுத்த பிறகு நான் தனியாக இன்னொரு முறை பார்த்தேன். அழகுதான். ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை. அந்தத் துவக்கைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

ஜூலை 29 – செவ்வாய்

உம்மா மவுத். முச்சக்கர வண்டியில், என் மடியில், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன். காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவ.

ஜூலை 31 – வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

றிபாஸுக்கு அழைப்பு எடுத்தபோது அவன் அழவில்லை. "முகத்தக் காட்டுங்க" என்றான். காட்டினேன். அவன் நிற்கிற இடத்திலிருந்து விமானம் ஏற ஒரு கிழமைக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம். "எனக்காகப் பாக்க வேணா ராத்தா. அடக்கிடுங்க." அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைச் சந்தூக்கில் தூக்கிவிட்டார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மகன் எழும்பிச் சபையைப் பார்த்து, மவுத்தானவருக்காக மாப்புக் கேட்க வேண்டும். உம்மாவுக்கு ஒரே மகன். அந்த இடத்தில் என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜவுபர் எழும்பி நின்று கேட்டாராம். நல்ல மனுஷன். ஆனால் அது மருமகன் கேட்கிற மாப்புத்தானே.

தனக்கெண்டு ஊரெல்லாம் மாப்பு வாங்கினவன். காபூலுக்கு ஒண்டு, மொகதிஷுவுக்கு ஒண்டு. பெத்தவளுக்கு ஒருக்காக் கேக்க ஆளில்ல. நான் நிண்டிருப்பன் – பொம்புளயெண்டு ஊட்டுக்குள்ள இருந்தன். உம்மா, உங்கட மகன் பத்திரமாத்தான் இரிக்கான். ஆபத்தான நாட்டுல அவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல. நீங்கதான் அரிசி களைஞ்ச இடத்துல –

போதும்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

உம்மாவின் செருப்பை வாசலில் இருந்து யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8 – வெள்ளி

வந்துவிட்டான். நேரே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். வாசலில் பையை இறக்கிவிட்டு அப்படியே நின்றான். முகத்தைத் தடவ ஆளில்லை. எனக்குக் கை எழும்பவில்லை.

ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். சோறு போட்டேன். பாதியில் கையைக் கழுவிவிட்டு எழும்பினான்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

இன்று றிபாஸ் மாப்புக் கேட்கப் போனான். அதே ஒழுங்கை, அதே வீடுகள். "எங்கட உம்மா ஏதும் பிழை செய்திருந்தா மாப்புத் தாங்க."

சபியா உம்மா இம்முறை கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். அவனைப் பிடித்துக்கொண்டு அழுததை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன்.

கடைசியாக என் குசினி வாசலுக்கு வந்தான். "ராத்தா, உம்மாக்கு மாப்புத் தாங்க."

"தந்தன்."

தனக்கு என்று கேட்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பேன்.

ஆகஸ்ட் 14 – வியாழன்

பின்னேரம் எங்கேயோ போய் வந்தான். "ஆலையடிவேம்புக்கு" என்றான். அழகரெத்தினத்தார் கட்டிலோடு இல்லையாம், நடமாடுகிறாராம். உம்மா கதவை அடைத்ததற்கு மாப்புக் கேட்டானாம்.

"என்ன சொன்னாரு?"

"'அவ அடைச்சது பிழையில்ல தம்பி. பாதை சரியெண்டு சொன்னவன் நான்தானே' எண்டாரு. அண்டைக்குக் காலையில அவரு அந்தப் பாதையால வந்திரிக்காரு, ஒண்டுமில்லாம. அதான் அப்பிடிச் சொல்லியனுப்பினாராம்." வாசல் படியில் குந்தினான். "என்ட கையப் பிடிச்சு அவரும் மாப்புக் கேட்டாரு ராத்தா. நான் தந்தன். உங்களையும் கேட்டுத்தான் தந்திரிக்கோணும்."

உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வந்தால் வாப்பாவின் வயலைக் காட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு, காலை

உம்மாவின் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

றிபாஸ் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். கெமராப் பை உம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கிறது. சாகாமம் வரைக்கும் இப்போது வழுவழுப்பான கார்பட் பாதையாம். பயப்பட ஒன்றும் இல்லை என்று ஜவுபர் சொல்கிறார். இருந்தாலும் விடிந்ததில் இருந்து இரண்டு தரம் வாசலுக்குப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முற்றத்துக்குப் போய், "தம்பி, எனக்கு மாப்புத் தா" என்றேன்.

துடைப்பதை நிறுத்தினான். "சாகாமத்துக்குத்தானே ராத்தா போறம்?"

"வாப்பாவும் அங்கதான் போனாரு."

தலையைக் குனிந்துகொண்டு, "தந்தன் ராத்தா. நீங்களும் எனக்குத் தாங்க" என்றான். தந்தேன். கை தானாக எழும்பி அவன் முகத்தைத் தடவியது. உம்மா தடவுகிற மாதிரி எனக்கு வரவில்லை. அவன் முகத்தை எடுக்காமல் நின்றான்.

ஹோன் அடிக்கிறான். அபாயாவைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.