ஓட்டுச் சந்தில் செருகிய பத்திரிகை

இளமதி அக்கா,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உன் கல்யாணச் சீருக்கு நான் அலங்கரிக்கும் பழைய தகரப் பெட்டியைத் தொடாதே. பசை காயவில்லை என்பது அம்மாவுக்குச் சொல்லும் காரணம்.

காகிதங்களை டீத்தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். பழைய பேப்பர் எடைக்கடைக் கட்டில் கிடைத்த யாரோ ஒருவரின் கருமாதிப் பத்திரிகையையும் சேர்த்தேன். கறுப்பு ஓரம் எடுப்பாக இருந்தது. அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, படித்ததும் வாசல் ஓட்டுச் சந்தில் செருகிவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் பி.எஸ்ஸி. படிப்பவன், நம்பவில்லை.

மறுநாள் அது கிழியாமல் ஓட்டுச் சந்தில் இருந்தது. "பெட்டியில இருந்து பேப்பரை உரிச்சீங்களாம்மா?" என்றேன்.

"ஒன் குப்பையை நான் ஏன்டா தொடப்போறேன்? அங்கிட்டுத் தள்ளி வை."

பசைக் கம்பெனியைத் திட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன்.

இன்று காலை சந்தில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. இரண்டாவது, மூடியில் நான் ஒட்டியிருந்த உன் கல்யாணப் பத்திரிகை. அதை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிறேன்.

முகிலன்

பி.கு.: உன்னைக் கட்டப்போகும் கீரமங்கலத்து மச்சானோடு நீ பேசுவதில்லை என்று தெரியும். தப்பு அவர்மேல்தான். இருந்தாலும் ஒரு போன் போட்டு, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உனக்கு எடுத்தால் உடனே எனக்குச் சொல். கிண்டல் பண்ண மாட்டேன்.