பதிலுக்குக் காத்திருக்கத் தெரியாதவர்கள்

அன்புள்ள வெர்னனுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? எனக்குக் கனடாவின் வடகோடியில் இந்த நுனாவுட் குளிர் பழகிவிட்டது. பயிற்சி கொடுக்க வருகிறவர்கள்தான் பழகவில்லை.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கைகொடுக்கும் வழிகளைச் சொல்லித்தர டொராண்டோவிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று காலை முழுவதும் பேசினார். பிறகு என் வகுப்பு உதவியாளர் லீத்தியாவிடம், "உங்களுக்குத் துணைக்கு இன்னொரு ஆள் வேணுமா?" என்றார். அவள் புருவத்தை உயர்த்தினாள். இந்த ஊரில் கைக்குழந்தைகூட 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்லும். அவரோ, "சரி, வேண்டாம்போல" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

"அவ வேணும்னு சொல்லிட்டா சார்," என்றேன்.

"எப்போ?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லீத்தியா சிரித்தாள். "விடுங்க டீச்சர், அவரு என் வாயையே பாத்துட்டிருந்தாரு."

லீத்தியாவுக்குத் துணைக்கு ஆள் அனுப்ப ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் அவரை விமானம் ஏற விட்டேன்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, இஞ்சி பிஸ்கட்டும். தபால் பையைக் கட்டப் போகிறார்கள், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டாய். என் பக்கம் சத்தமில்லை என்றதும், "வேண்டாம்னா விடு" என்று வைத்துவிட்டாய்.

நான் புருவத்தை உயர்த்தியிருந்தேன்.

உன் கொலீன்