துடைப்பக்காரர் குதித்தால் காணோம்

ஜனவரி 14, செவ்வாய்
நிபியா அக்கா வரைந்த கார்னவல் ஊர்வலம் இன்று முதல்முறையாக என் கணினி விளையாட்டில் நகர்ந்தது. எங்கள் பாரியோ சூர் பேட்டை மேளக்காரர்கள் நாற்பது பேர்! ஆனால் பின்வரிசை ஆள் முன்வரிசை ஆளின் முகத்தில் ஏறி நிற்கிறான்.

“ஏன்டி, நாலு மாசம் வரைஞ்சது இப்படி அள்ளிக் கொட்டத்தானா? ஞாயித்துக்கிழமை மேளச் சங்கத்துல இதையே காட்டினே, என் படத்தையெல்லாம் திருப்பி வாங்கிக்குவேன்” என்றாள்.

சொன்னால் செய்வாள். அவள் படம் போனால் என் விளையாட்டில் என்ன மிச்சம்?

ஜனவரி 15
யாருடைய பாதம் திரையில் கீழே இருக்கிறதோ, அவரைக் கணினி கடைசியாக வரையவேண்டும்; அப்போதுதான் முன்னால் தெரிவார். அவ்வளவுதான். ஆனால் அதை எங்கே எழுத? எல்லாம் ஒரே கோப்பில், ஐயாயிரம் வரி நிரல். கொடிக்கான வரியைத் தொட்டால் மேளம் ஊமையாகிறது. வெட்கக்கேடு.

ஜனவரி 16
பிரிக்கிறேன், பிரிக்கிறேன். மாத்தே தேநீர் ஆறிப்போயிற்று.

ஜனவரி 17
நடைக்கு ஒரு கோப்பு, ஒலிக்கு ஒன்று, ‘யார் முன்னால் யார் பின்னால்’ என்று ஒன்று. ஊர்வலம் ஒழுங்காக வந்தது! அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

அப்புறம், சங்க ஊர்வலத்தில் துடைப்பத்தோடு ஆடும் நம் இசபெலினோ திரையில் குதித்தார். ஆளைக் காணோம்! குதிக்கும்போதெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் போய்விடுகிறார். ஏன்? ஏன்?

“மனுஷன் பாத்தாருன்னா அந்தத் துடைப்பத்தாலேயே சாத்துவாரு” என்றாள் அக்கா.

ஜனவரி 18, சனி
பேக்கரி வேலை முடிந்து வந்தால் என் நாற்காலியில் அக்கா.

“ஐயோ, என்னக்கா தொட்டே?”

“கத்தாதே. இப்பதான் பேரு போட்டுப் பிரிச்சு வச்சிருக்கியே, படிச்சேன், புரிஞ்சுது. குதிச்சா பாதம் மேல போயிடுது. நிழல் தரையிலதானே கிடக்கு? பாதம்னு இருந்த எடத்துல நிழல்னு போட்டேன்.”

ஒரே ஒரு வரி! இசபெலினோ எல்லாருக்கும் முன்னால் பறக்கிறார். அக்காவைக் கட்டிப்பிடித்து ஆடினேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? போகட்டும், சந்தோஷம் தாங்கவில்லை.

ஜனவரி 19
சங்கத்தில் ஒரே கூச்சல். இசபெலினோ திரையில் தன்னையே பதினோரு தடவை குதிக்கவைத்தார். “இவனுக்கு முட்டிவலி இல்லை, பாத்தீங்களா!”

ஜனவரி 21
காலையில் திறந்தால் மழைக்கென்று ஒரு புதுக் கோப்பு. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை தரையிலிருந்து வானத்துக்குப் போகிறது! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நான் திருத்தவில்லை. அக்கா கணினியைத் திட்டிக்கொண்டே, எந்த வரியென்று தேடுகிறாள். என்னைக் கிட்டே விடமாட்டேன் என்கிறாள்.