ஜூவிலிருந்து வந்தவருக்கு

என் பிரியமுள்ள சாமு அண்ணே,

நீங்கள் லண்டனில் இறந்துபோன செய்தி போன வாரம்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. உங்கள் தங்கை எழுதியிருந்தார். என் ஐந்தாம் வகுப்பு இங்கிலீசுக்குப் பாதிக் கடிதத்திலேயே மூச்சு வாங்கியது. மீதியை மூத்த மகள்தான் வாசித்துச் சொன்னாள். அன்றிலிருந்து ரப்பர் மரம் சீவும்போது கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிடுகிறது. கங்காணி மண்டோர் திட்டுகிறார்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? சிரம்பானில் பள்ளி வாத்தியாராக இருந்த வெள்ளைக்காரர் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து, துரை என்று கூப்பிடக் கூடாது என்றீர்கள். சாமுவேல் என்ற பேரைக் கேட்டு வேதக்காரர் என்று நினைத்தேன். இல்லை, எங்கள் குடும்பம் ஜூ என்றீர்கள். ரஷ்யாவில் அடிபட்டு லண்டனுக்கு ஓடிவந்த யூதத் தையல்காரரின் மகன் என்பதெல்லாம் எனக்கு எங்கே விளங்கியது? எனக்குத் தெரிந்த ஜூ ஒன்றுதான். அதில் புலி இருக்கும். பாவம், இவர் அப்பா மிருகங்களுக்குத் தீனி போடுகிறவர் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். விஷயம் தெரிந்தபோது நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

பிறகு மலாயாவில் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலைக்குக் கொண்டுபோகும் சோற்றையும் கேட்டில் பிடுங்கினார்கள். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு வாய்த்துடுக்காகச் சொன்னேன்:

“அண்ணே, இப்ப நாங்கதான் ஜூவுல இருக்கோம் லா. தீனிதான் போட மாட்டேங்கிறாங்க.”

நீங்கள் சிரிக்கவில்லை. எங்கள் அப்பா ஊரிலும் வெளியே போகச் சீட்டு கேட்டார்கள் என்று மட்டும் சொன்னீர்கள். நான் சொன்னதை அப்படியே லண்டன் பத்திரிகையில் எழுதினீர்கள், என் பேர் மட்டும் போடாமல்.

யார் சொன்னது என்று போலீஸ் கேட்டது. நானே கற்பனையாக எழுதினேன் என்றீர்கள். பொய் எழுதுகிறவர் என்று உங்களைக் கப்பலேற்றினார்கள். நானோ, எனக்கு இங்கிலீசே தெரியாது சார் என்றேன். என் வாழ்நாளில் பிழையில்லாமல் பேசிய ஒரே இங்கிலீசு அதுதான்.

இப்போது உங்கள் எழுத்தையெல்லாம் புத்தகமாகப் போடுகிறார்களாம். ஜூ என்று சொன்ன அந்த ஆள் நிஜமாக இருந்தாரா, பேர் போடலாமா என்று தங்கை கேட்கிறார். வேலி இன்னும் நிற்கிறது, அண்ணே. என் சம்சாரம் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்:

“பேரு போட்டா உங்களப் பிடிச்சிட்டுப் போவாங்க. போடலன்னா அந்த மனுசன் செத்தும் பொய்யராவே இருப்பாரு. நீங்களே யோசிச்சுக்குங்க.”

மூன்று நாள் யோசித்தேன். கப்பலில் ஏறும்போது என்மேல் கோபம் இருந்ததா? இனி யாரிடம் கேட்பேன்?

இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தங்கைக்கும் ஒரு பிரதி போகும். போலீஸ் வந்து கேட்டால் இந்த முறை தமிழிலேயே பதில் சொல்வேன். அதைச் சொன்னது நான்தான்.

உங்கள் தம்பி,
மா. வீரப்பன்,
பால்மரம் சீவுகிறவன்,
புக்கிட் பெலண்டோக் தோட்டம். மூன்றாம் லயம், கேட்டுக்குப் பக்கத்து வீடு.