நைனா திருப்பிக் கொடுத்த வில்லை

நந்திதுர்க்,
கோலார் தங்கவயல்,
3.3.1968

அன்புள்ள லீலா அக்காவுக்குத் தம்பி தம்மபாலன் எழுதுவது.

எல்லாரும் நலம், என் தொந்தி மிக நலம். நைனாதான் ஆறு மாதமாகச் சரியில்லை. மாசி வெயிலில் கம்பளி. பேச்சில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். "வயசாயிடுச்சு, வேற இன்னா?" என்று பக்கத்து வீட்டு மங்கம்மா வைத்தியம் சொன்னாள். டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்ததில், கழுத்திலே தைராய்டு சுரப்பி கொஞ்சம் மந்தமாம். ரொம்ப லேசுதானாம். தினம் ஒரு மாத்திரை, முப்பது கொடுத்திருக்கிறார். நோய்க்குப் பெயர் கிடைத்ததில், பிள்ளைக்குப் பெயர் வைத்தவன் மாதிரி தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன்.

உன் தம்மன்

பெங்களூர்,
9.3.1968

தம்மா,

சர்க்கரையை நிறுத்து. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். வயதானவர்களுக்கு இப்படி லேசாகக் குறைவது உண்டாம். மனம் இத்தனை சோர்ந்திருப்பதற்கு அது ஒன்றே காரணம் என்று நம்பி இருந்துவிடாதே என்கிறார். இருபது வருஷமாக நர்சாக இருக்கிறேன்டா, பார்த்திருக்கிறேன். சாகத் தோன்றுகிறதா என்று நைனாவை நேராகக் கேள். கேட்பதால் ஒன்றும் கெடாது. உன் கோமாளித்தனம் மட்டும் வேண்டாம்.

அக்கா

நந்திதுர்க்,
28.3.1968

அக்கா,

ஆஸ்பத்திரி மூக்குக்கு எல்லாமே நோய் வாசனை. நேராகக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. "இன்னா நைனா, எமன்கூட பேச்சுவார்த்தையா?" என்று தமாஷாக்கினேன். சிரித்தார்! மாத்திரை வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆளே வேறு. சவரம், வெள்ளை வேட்டி. பதினாறு வருஷப் பகையாளி கோவிந்தன் வீட்டில் போய்க் காப்பி குடித்தார். கம்பளியை மங்கம்மாவுக்கே கொடுத்துவிட்டார்.

உச்சம் இதுதான். சுரங்கத்தில் இறங்குகிறவன் டைம் ஆபீசில் பித்தளை வில்லை வாங்கிப் போய், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான் இல்லையா? ரிடையரான அன்று நைனா கொடுக்காமல் வைத்துக்கொண்ட வில்லையை நேற்று என் கையில் வைத்து, "ஆபீஸ்ல கொடுத்துடுறா. நம்ம ஷிப்ட் முடிஞ்சிடுச்சு" என்றார். அந்த ஆபீஸ் குமாஸ்தாவே நான்! விழுந்து விழுந்து சிரித்தேன்.

தம்மன்

29.3.1968, காலை

அக்கா,

பெங்களூர் ரயிலுக்குப் போகும் வின்னி டீச்சரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை தீரப்போகுமே என்று சீசாவைத் திறந்தேன். முப்பதும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூட அவர் போடவில்லை.

வில்லையை வாங்கிக்கொண்டு எதற்குச் சிரித்தேன், பாவி.

வேலைக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே இருக்கிறேன். நீ கேட்கச் சொன்னதை இப்போதுதான் கேட்டேன். "நைனா, செத்துடலாம்னு இருக்கியா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் விடவில்லை. வலது கையால் எழுதுகிறேன்.

உடனே வா.